பாதை தந்த பாடம்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற அத்தொலைவே 1921இல் நிலையான அளவாயிற்று. இவற்றையெல்லாம் ஏட்டில் கற்றிருந்த நான், என் முதல் மாரத்தானில் முப்பது கிலோமீட்டரைக் கடந்ததும் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது சாலையோரம் அமர்ந்துவிட்டேன். பிறரை முந்தும் ஆவலில் தொடக்கத்திலேயே விரைந்ததால், தசைகளில் சேர்ந்திருந்த மாச்சத்து பாதிவழியிலேயே தீர்ந்துபோயிற்று. நாணத்தால் பல நாள் எவர் முகத்திலும் விழிக்கவில்லை.

அந்நாளில்தான் அத்தா என்னைத் திருச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குக் காரில் அழைத்துச் சென்றார். முப்பதாண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். "அத்தா, இன்னும் விரைந்து போகலாமே" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. புதுக்கோட்டையில் நிறுத்தினார், தேவகோட்டையிலும் நிறுத்தி, சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். ளுஹர் வேளையில் வழியிலிருந்த பள்ளிவாசலில், நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "பயணி களைப்பான் என்றறிந்து அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். உன் உடலுக்கு நீதான் அதைத் தர மறுத்துவிட்டாய்."

1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைக் கண்டோம். அவற்றையும் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை நீண்டிருந்தது.

மறு ஆண்டு மெதுவாகத் தொடங்கினேன். முதியோர் சிலரும் என்னை முந்திச் சென்றனர், வருந்தவில்லை. ஐந்து மணி நேரத்திற்குப் பின் எல்லைக்கோட்டை எய்தினேன். அங்கே அத்தா, கையில் தண்ணீருடன் நின்றிருந்தார்.