கல்லறைப் பக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுக் குழந்தைகள் கூடுவார்கள். திருமுருகன்பூண்டி காலையிலேயே உளிச்சத்தத்துடன் விழித்துக்கொள்ளும் ஊர். வருகிறவர்களில் பாதிப்பேர் சிற்பக்கூடங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மீதிப்பேர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்ற பெயரில் எனக்குப் பிடித்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே உண்மை.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் எத்ருஸ்கர்களைப் பற்றிய ஆங்கிலப் படநூல் ஒன்றைத் தந்தார். ரோம் பேரரசாக வளர்வதற்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் நகரங்கள் எழுப்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். அழகான நூல். ஆனால் பாதிக்குமேல் கல்லறைகள். அதற்கு நூலாசிரியரைக் குறைசொல்ல முடியாது. எத்ருஸ்கர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்களுடைய கல்லறைகளிலிருந்து வந்ததுதான். தர்குவீனியாவின் வண்ண ஓவியங்கள்கூட நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் தீட்டப்பட்டவையே.

குழந்தைகள் கூட்டத்தில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய அப்பா கட்டிங் மாஸ்டர். இறந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே கல்லறைப் பக்கங்களைக் காகிதக் கிளிப் போட்டு மூடிவிட்டேன். செர்வெதெரியில் கிடைத்த, சுமார் கி.மு. 520-ஐச் சேர்ந்த புகழ்பெற்ற தம்பதியர் சிற்பத்தை மட்டும் காட்டினேன். கணவனும் மனைவியும் மஞ்சத்தில் சாய்ந்து, விருந்தில் பேசிக்கொண்டிருப்பதுபோலப் புன்னகைக்கிறார்கள். அது ஒரு ஈமப்பேழை என்பதைச் சொல்லவில்லை. ‘வீட்டுல இருந்த பொம்மை’ என்றேன்.

சிற்பி ஒருவரின் மகள் படத்தை அருகே இழுத்துப் பார்த்தாள். ‘இது கல்லு இல்லீங்க சார். கல்லுல விரல் இப்படி வராது. ஒடஞ்சு போயிரும்’ என்றாள். அவள் சொன்னது சரி. சுட்ட மண்ணில் நான்கு பகுதிகளாகச் செய்து சேர்த்தது அது. படத்தின் கீழிருந்த குறிப்பைப் படித்திருந்தும் எனக்கு அந்த விரல்கள் கண்ணில் படவில்லை.

என் தந்திரத்தைக் கெடுத்தது துணிப்புத்தகம். லினன் துணியில் மையால் எழுதப்பட்ட எத்ருஸ்க நூல் ஒன்று இன்று ஸாக்ரெப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் எத்ருஸ்க எழுத்துகளில் மிக நீண்டது அதுதான். ஏறக்குறைய 1200 சொற்களை வாசிக்க முடிகிறது. எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்ததால் ஒலிகள் தெரியும். பொருள் பாதிக்குப் பாதிதான் பிடிபடுகிறது. பனியன் ஊர்க் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அந்தத் துணி எப்படியோ எகிப்துக்குப் போய்ப் பட்டைபட்டையாகக் கிழிக்கப்பட்டது என்றதும், ‘கட்டிங் வேஸ்ட்டுங்களா சார்?’ என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

‘எதுக்குக் கிழிச்சாங்க?’ என்றான் அந்தப் பையன்.

வேறு வழியில்லை. செத்துப்போன ஒரு பெண்ணின் உடலைச் சுற்றுவதற்கு என்றேன். 1848-ல் அலெக்சாந்திரியாவில் அந்த மம்மியை ஒருவர் வாங்கினார் என்பதையும், அதைச் சுற்றியிருந்தது எத்ருஸ்க மொழி என்று தெரிய நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று என்பதையும் அவசரமாகச் சொல்லி முடித்தேன். அவன் கையை நீட்டிக் கிளிப்பைக் கழற்றிப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை.

இத்தாலிவரை போயிருக்க வேண்டாமே என்று அன்றிரவு தோன்றியது. நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும் ஊர் அதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் பல கட்டங்களாக அகழ்ந்த இடம். பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் உழைப்பால் இன்று நமக்குத் தெரிவது கொஞ்சமல்ல. சார்ட் தாளை மடித்துத் தைத்து நானே ஒரு படநூல் செய்தேன். என் ஓவியம் சுமார்தான். இரும்பு உருக்கும் உலை, படியூரிலிருந்து வந்த பச்சைக்கல்லைத் தீட்டி மணி செய்பவர், சுட்ட மண் தக்களியில் நூல் நூற்கும் பெண், பானையில் தன் பெயரைக் கீறிவைக்கும் ஒருவன். கண்ணன் ஆதன் என்ற பெயர் அங்கே கிடைத்த ஓட்டில் உள்ளதுதான். ‘உலகின் மூத்த’, ‘முதல்’ போன்ற சொற்கள் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன். பழமையைக் கோப்பையாக்கிக் குழந்தை கையில் கொடுத்தால், அது அதைத் தூக்கிக் காட்டுமே தவிர உள்ளே எட்டிப் பார்க்காது.

இம்முறை கல்லறைகளையும் வரைந்தேன். கல்வட்டம், பலகைக்கல் அறை, ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள், கற்கள் பதித்த வெண்கலப் புலி. பூண்டியில் சுந்தரரிடம் நடந்த வழிப்பறிக் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஆயிற்றே, மணிகளைக் கண்டதும் முதல் கேள்வி, ‘திருடங்க எடுக்கலீங்களா?’ சில கல்லறைகளை எடுத்திருக்கிறார்கள் என்றேன்.

பையன் புலியையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘இதெல்லாம் எதுக்கு உள்ள வெச்சாங்க?’

‘செத்தவங்களுக்கு வேணும்னு நெனச்சிருப்பாங்க.’

‘அப்ப உலைல வேலை செஞ்சவருக்கு?’

இரும்புக் கருவிகள், ஆயுதங்கள் வைத்த கல்லறைகளும் உண்டு என்றேன். தலையாட்டினான். பிறகு, ‘எங்கப்பாவுக்கு எதுவுமே வெக்கல சார். மின்மயானத்துல வெக்கக் கூடாதுன்னுட்டாங்க’ என்றான். அழவில்லை, கணக்கில் விடுபட்ட ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

யாரும் பேசவில்லை. சிற்பியின் மகள்தான் பென்சிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கங்கள் வெற்றாக இருந்தன. அவன் ஒரு கல்வட்டம் வரைந்தான். உள்ளே கத்தரி, இஞ்ச் டேப், துணியில் குறிபோடும் சாக்கட்டி. டேப்பில் எண்களை எழுதிக்கொண்டே போனான். அறுபது வரைக்கும் போட வேண்டும் என்றான், இடம் போதவில்லை. அடுத்த பக்கத்துக்கு நீட்டிக்கொள்ளச் சொன்னேன்.