ஊட்டி உறைபனியில் ஹீட்டர் கொதிக்கிறதா? முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்க!

மே மாத ஊட்டி எல்லோருக்கும் தெரியும். மலர்க் கண்காட்சி, படகு சவாரி, மலை ரயிலுக்கு நீளும் வரிசை. ஜனவரி ஊட்டி வேறு மாதிரி. காலை ஆறரை மணிக்குக் குதிரைப் பந்தய மைதானம் பக்கம் போனால், புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல வெள்ளை படர்ந்திருக்கும். காந்தல், தலைகுந்தா பகுதிகளில் நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று இங்குள்ளவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். உறைபனி இறங்கினால் தேயிலைக் கொழுந்து கருகும், மலைக் காய்கறிகள் வாடும். இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும் நாள்களும் உண்டு.

இந்தக் குளிரை ரசிக்கவே இப்போது குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ரூம் புக் செய்யும்போது கேட்கும் முதல் கேள்வி, "ஹீட்டர் இருக்கா?"

கணப்புக்குக் கட்டிய வீடுகள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், குளிரைச் சமாளிக்க ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வழி இருந்தது. தோடர்களின் பழைய வீடுகளைப் பாருங்கள். வளைந்த கூரை, தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டினார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு இருக்கும். விறகு எரியும், புகை புகைபோக்கி வழியே மேலே போகும்.

மின்சாரமும் இந்த மலைக்குப் புதிதல்ல. பைக்காராவில் 1932-லேயே நீர்மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஆனால், பல பழைய வீடுகளில் வயரிங் செய்தபோது மனதில் இருந்தது நாலு பல்பும் ஒரு ரேடியோவும்தான். அந்த வீடுகளில் சில இன்று ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. கணப்பை மூடி, அதன் முன்னால் ஹீட்டரை வைத்திருக்கிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹீட்டரைத் தொடாத எலெக்ட்ரீஷியன்

தாவரவியல் பூங்காவைத் தாண்டி மேடேறும் சாலையில் நாங்கள் தங்கிய ஹோம்ஸ்டேயில், ராத்திரி ஹீட்டர் போட்டதும் பிளாஸ்டிக் கருகுவது போல வாடை. வீட்டுக்கார அக்கா உடனே மெயினை ஆஃப் செய்தார். காலையில் எலெக்ட்ரீஷியன் வந்தார். முப்பது வருஷமாக இதே மலையில் வேலை. ஹீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய் பிளக்கைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மூன்று பின்களில் ஒன்று பழுப்பாகக் கறுத்திருந்தது.

"ஹீட்டர் சுடறது அதோட வேலை தம்பி. பிளக் சுடக் கூடாது. சீசன்ல என்னைக் கூப்பிடறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இதே கதைதான்" என்றார்.

கணக்கு எளிது. 2,000 வாட்ஸ் ஹீட்டர், 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்ஸ் மின்சாரம் இழுக்கும். செல்போன் சார்ஜர் செருகும் சின்ன சாக்கெட் 6 ஆம்ஸ் தாங்குவதற்கானது. ஹீட்டருக்கு 16 ஆம்ஸ் பவர் பிளக் வேண்டும். அதற்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயராவது உள்ளே ஓட வேண்டும். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தாலோ, பின்னால் ஸ்க்ரூ லூசாக இருந்தாலோ, அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடு கூடிக்கொண்டே போகும். பழைய மரச் சட்டத்தில் பொருத்திய சாக்கெட் என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அறையின் சாக்கெட்டைத் திறந்தபோது உள்ளே இருந்தது லைட்டுக்குப் போடும் மெல்லிய வயர். ஹீட்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்து ஹீட்டர்

அதன் பிறகுதான் ஹீட்டர் பக்கம் வந்தார். ஃபேன் ஹீட்டரின் பின்பக்கக் கம்பி வலை முழுக்கத் தூசி. வருஷத்தில் எட்டு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பொருள் அது. காற்று உள்ளே போகாவிட்டால் சூடு வெளியே வராது, உள்ளேயே தேங்கும். இந்த உயரத்தில் காற்றும் சமவெளியைவிட மெல்லியது. அதனால் அது சுமந்து செல்லும் சூடும் குறைவு. மின்கருவிகளுக்கான பல சர்வதேசத் தரங்கள் 2,000 மீட்டர் உயரம் வரை என்றே கணக்கு வைக்கின்றன. ஊட்டி அதற்கும் மேலே.

ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணைந்தால் பலர் ரிப்பேர் என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கருவி, சூடு எல்லை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதை நேரடியாக இணைத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டாம். "அதைச் செய்யவே மாட்டேன்" என்றார் அவர்.

நேர்மாறான பிரச்னையும் உண்டு. தெர்மோஸ்டாட் குமிழைக் குறைத்ததும் 'டிக்' என்று சத்தம் வந்து ஹீட்டர் நிற்க வேண்டும். நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த ஹீட்டரை அன்றே ஓரம் கட்டுங்கள்.

ஊரே தூங்கிய பிறகு லைனில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறலாம். 250 வோல்ட் வந்தால், அதே 2,000 வாட்ஸ் ஹீட்டர் சுமார் 2,360 வாட்ஸ் எடுக்கும். நாம் அசந்து தூங்கும் நேரமும் அதுதான்.

ரூமுக்குள் நுழைந்ததும்...

* ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். சுவரில் உள்ள பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள்.

* கால் மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மீண்டும் போடாதீர்கள்.

* கட்டில், திரை, கம்பளியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஈரச் சாக்ஸை ஹீட்டர் மேல் காயப்போடவே கூடாது.

* ஆயில் ஹீட்டரில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் பயன்படுத்த வேண்டாம்.

* கருகல் வாடையோ புகையோ வந்தால் பிளக்கைத் தொடாமல் மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ பிடித்தால் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையைச் சூடாக்கி, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். மீதி இரவுக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

ஹீட்டர் ஓடவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேல் புகைபோக்கி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

அந்த அக்கா அன்றைக்கே தனி வயர் இழுத்து, பவர் பிளக் மாற்றச் சொல்லிவிட்டார். எல்லா ஹோம்ஸ்டேயிலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அடுத்த முறை பனி பார்க்கக் கிளம்பும்போது, ரூம் புக் செய்ய போன் போட்டால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: "ஹீட்டருக்குத் தனி பவர் பிளக் இருக்கா?"