மலையேறாதவர்களின் மாலைப்பொழுது

பெருநாளைக்கு உறவினர்கள் ஒன்றுகூடினால் மறுநாள் எங்கேனும் சென்றுவருவது நம் குடும்பங்களின் வழக்கம். எழும்பூர் அருங்காட்சியகமாயினும், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலாயினும், எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையாயினும், வாயிலை அடைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். இளையவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விரைவார்கள். மூட்டுவலியால் வருந்தும் நன்னிமாவும், கைக்குழந்தையின் தாயும், நெரிசலைத் தாங்காத பெரியவரும் வெளியே தங்கிவிடுவார்கள். செருப்புகளும் பைகளும் அவர்களிடம் ஒப்படைக்கப்படும். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புவோர், "சும்மாதானே இருந்தீர்கள்?" என்று கேட்பார்கள்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்து இழந்துவிடும் இரு அருட்கொடைகள் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். வெளியே காத்திருப்பவர்களுக்கு முதல் அருட்கொடை சற்றே குறைந்திருக்கலாம். இரண்டாவது கைநிறைய இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை எங்கள் குடும்பத்தில் பல பெருநாள்களில் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டோம்.

திண்டுக்கல் மலை, பெயருக்கேற்ப, திண்டு போன்ற ஒரே பெரும் பாறை. 1605ஆம் ஆண்டு மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மீது கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாறையில் செதுக்கிய படிகளில் நிழல் மிகக் குறைவு. விடுமுறை நாள்களில் மக்கள் வரிசை வரிசையாக ஏறுவதால் நடுவில் நின்று இளைப்பாறுவதும் எளிதன்று. முடியாதவர்களை "கொஞ்ச தூரம்தான்" என்று வற்புறுத்தி அழைத்துச் செல்வது அன்பாகாது. அவர்கள் கீழேயே தங்கட்டும். கீழே காண வேண்டியவை மேலே இருப்பவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

முதலில் நாங்கள் செல்வது பேகம்பூருக்கு. 1755இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவருடைய எழுச்சிக்கு இவ்வூர் ஒரு படியாக அமைந்தது. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதாகவும், பேகம்பூர் என்ற பெயரே அவரால் வந்தது என்றும் ஊரார் கூறுவர். கோட்டைச் சுவரைக் காண ஆயிரம் பேர் மேலே ஏறும் நாளிலும் இப்பகுதியில் நெரிசல் இருப்பதில்லை. ஸலாம் கூறி, மறுமையை நினைத்து, சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு வரலாம். போரிட்டவர்களின் கதை மலைமேல் இருக்கிறது. அவர்களுடன் வந்து, இம்மண்ணிலேயே தங்கிவிட்டவர்களின் கதை அடிவாரத்தில் இருக்கிறது.

காத்திருத்தல் வீணன்று என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1772இல் கணவரையும் நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல்லுக்கு அருகே விருப்பாட்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்றார். எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். இதைக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் நன்னிமா சொல்லும்போது, மேலே சென்ற அண்ணன்மாரைப் பற்றிய பொறாமை அவர்களுக்கு மறந்துபோகிறது.

அடுத்தது பூட்டுக் கடை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரும்பையும் பித்தளையையும் கொண்டு, பெரும்பாலும் கையாலேயே அராவிச் செய்யப்படும் பூட்டு அது. மாங்காய் வடிவப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டும் பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. நாகல் நகர்ப் பக்கம் பட்டறை திறந்திருந்து, வேலை செய்பவருக்கும் ஓய்விருந்தால், அவரிடம் பணிவுடன் கேட்டுச் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். அலிகாரிலிருந்து வரும் விலை மலிந்த இயந்திரப் பூட்டுகளுக்கு முன்னால் இத்தொழில் தளர்ந்துவருகிறது. ஆகவே பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பாமல் ஒரு சிறிய பூட்டையேனும் வாங்குவது எங்கள் வழக்கம்.

இவை ஒன்றும் இயலாவிட்டால், அமர்ந்து பேசுவதே போதும். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் கதை தோல் தொழிலோடு பிணைந்தது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்திய நாள்களையும், பின்பு இரசாயனம் வந்து தொழில் பெருகியதையும், அதே இரசாயனம் கிணற்று நீரைக் கெடுத்ததையும் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். வீட்டில் அவர்கள் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்தால் பேசுகிறார்கள். கேட்பவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியூர் சென்றாலும் இந்தக் கண்ணோடு தேடினால் ஏதேனும் கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. செப்புத் திருமேனிகளைக் காணும் நெரிசலில் நிற்க முடியாதவர், நூலகம் திறந்திருக்கும் நாளில் அங்கே நாளிதழோ நூலோ படித்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு தீராத ஒரு குறை உண்டு. அது தொழுகை. ஒருமுறை வேறோர் ஊரில் இவ்வாறு காத்திருந்தபோது அஸர் நேரம் வந்தது. ஆண்கள் அருகிலிருந்த பள்ளிவாசலுக்குள் சென்றார்கள். பெண்களுக்கு இடமில்லை என்று வாயிலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் நன்னிமா, புட்டியில் எஞ்சியிருந்த தண்ணீரில் ஒளுச் செய்து, வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தபடியே தொழுதார்கள். மலையேற முடியாதவர்களில் பெரும்பாலோர் பெண்களும் முதியவர்களுமே என்னும்போது, வழியில் தொழ இடம் மிகுதியாகத் தேவைப்படுவதும் அவர்களுக்கே. ஒரு சிறிய அறை, மறைப்புள்ள ஒளுக் குழாய், இரண்டு நாற்காலிகள், வாயிலில் ஓர் அறிவிப்பு ஆகியவை எந்த ஜமாஅத்துக்கும் எட்டாத செலவாக இரா. சுற்றுலா இடங்களுக்கு அருகிலுள்ள ஜமாஅத்துகளேனும் இதைக் கருத வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டிலேயே நாம் கேட்டுக்கொள்ளலாம்: கீழே தங்குபவர் உண்மையிலேயே ஏற இயலாதவரா, அல்லது குழந்தை அவர் இடுப்பில் இருப்பதால் தங்கிவிட்டவரா? எங்கள் வீட்டு மருமகள் ஒருவர் திண்டுக்கல்லுக்கு வாழ வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியும் கோட்டையைக் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பிள்ளை கைக்குழந்தையாக இருந்தது. சென்ற பெருநாளில் பிள்ளைகளின் அத்தா குழந்தையை வாங்கிக்கொண்டு கீழே தங்கினார். அவர் மேலே சென்று, கீழே தெரிந்த ஊரில் தம் வீட்டுத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்ததை இறங்கி வந்தும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் அத்தாவோ, பால் காய்ச்ச வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பதை முதன்முறையாகத் தேடி அறிந்திருந்தார்.

ஆகவே, அடுத்த பயணத்தில் சீட்டு வாங்கும் முன் யார் ஏறுவது, யார் தங்குவது என்று அனைவரையும் கேளுங்கள். தங்குபவரிடம் பைகளைக் கொடுக்கும்போது தண்ணீரும், கையில் சிறிது பணமும், பேச்சுத்துணைக்கு ஒருவரையும் விட்டுச் செல்லுங்கள். திரும்பும் நேரத்தைத் தொழுகை நேரத்தைக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் நீங்கள் கண்டதைச் சொல்வதற்கு முன், அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேளுங்கள்.