காலை அஞ்சரைக்கு ஜப்பான்

எங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு யாரும் மிக்ஸி போடக்கூடாது. அப்போது ஜப்பானில் மணி ஒன்பது. கோவை சரவணம்பட்டியில் ஒன்பது பேரை வைத்து மென்பொருள் கம்பெனி நடத்தும் எனக்கு, நகோயா பக்கத்தில் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனம்தான் இன்றைக்கு முக்கியமான வாடிக்கையாளர்.

சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் குனிந்து வணக்கம் சொல்வதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு வரும். நாற்பது வருடம் லேத் ஓட்டியவர். "ஏம்மா, போன்ல கூடவா கும்பிடுவாங்க?" என்பார். கும்பிடுகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது.

அதற்கு முன்பு அமெரிக்க வேலைதான், அதுவும் இன்னொரு பெரிய கம்பெனி வாங்கித் தரும் துணை வேலை. ஒரு நாள் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஜப்பானுக்கு முயற்சி செய்யலாம் என்று எனக்குத் தைரியம் தந்தது அந்த நாட்டு அரசாங்கத்தின் கணக்குதான். பழைய கம்ப்யூட்டர் அமைப்புகளை மாற்றாவிட்டால் 2025-க்குப் பிறகு ஆண்டுக்கு 12 லட்சம் கோடி யென் வரை நஷ்டம் வரலாம் என்று அவர்களுடைய பொருளாதார, தொழில் அமைச்சகம் 2018-லேயே எச்சரித்திருந்தது. 2030-ல் 7.9 லட்சம் ஐ.டி. ஆட்கள் வரை பற்றாக்குறை ஏற்படலாம் என்றும் அதே அமைச்சகம் கணித்தது. புரோகிராம் எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள், புரோகிராம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று புரிந்தது.

ஆனால் ஆங்கிலத்தில் நான் அனுப்பிய ஒரு மெயிலுக்குக் கூடப் பதில் இல்லை. பிறகு ஜப்பான் மொழி படித்த பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். ஜே.எல்.பி.டி. என்ற மொழித் தேர்வில் ஐந்து படிகள். என்5-ல் தொடங்கி என்1-ல் முடியும். அவள் என்3 முடித்திருந்தாள். அவள் எழுதிய முதல் மெயிலுக்கு மறுநாளே பதில் வந்தது. "வினைச்சொல் கடைசில வர்றது நம்ம தமிழ் மாதிரியேதான்க்கா. தமிழ்ல யோசிச்சாவே பாதி வாக்கியம் வந்துரும்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

பதில் வந்ததே தவிர, ஒப்பந்தம் கையெழுத்தாக 11 மாதம் ஆனது. ஒருவர் சம்மதித்தால் போதாது. அவருக்கு மேலே, பக்கத்தில், கீழே இருப்பவர்கள் எல்லாரும் தலையாட்ட வேண்டும். அந்த 11 மாதச் சம்பளத்துக்கு என் வளையல்களும் கல்யாண ஆரமும் வங்கிக்குப் போயின. அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை, கிடங்கு இருப்புக் கணக்கு. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தப் பெண் அழைத்தாள். குரலே சரியில்லை.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரே எண்ணை இரண்டு விதமாக அடிக்கலாம். நாம் அடிப்பது போல ஒல்லியாக ஒன்று, அவர்களுடைய சித்திர எழுத்தின் அகலத்துக்குக் குண்டாக இன்னொன்று. நம் கண்ணுக்கு இரண்டுமே ஏழுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. எங்கள் புரோகிராம் ஒரே போல்ட்டை இரண்டு பொருளாக எண்ணிக்கொண்டிருந்தது. கிடங்கில் சரக்கு இருக்கும், திரையில் 'இல்லை' என்று வரும்.

"யாருக்கும் சொல்லாத. ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணிரலாம்" என்றேன். பதினெட்டு வருடப் பழக்கம் அது. வாடிக்கையாளர் எப்போது கேட்டாலும் 'நல்லா போயிட்டிருக்கு சார்'.

"அக்கா, ஹோ-ரென்-சோ" என்றாள்.

தெரிவி, தொடர்பில் இரு, கலந்து பேசு. இந்த மூன்றுக்குமான ஜப்பானியச் சொற்களின் முதல் பகுதிகளைச் சேர்த்தால் ஹோரென்சோ. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் பாலக்கீரை என்றும் அர்த்தம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமாம். எனக்கோ அந்த நேரத்தில் கீரையும் பிடிக்கவில்லை, அவளையும் பிடிக்கவில்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் நகை போகும். அரை மணி நேரம் மொட்டை மாடியில் நடந்தேன். பிறகு, "சரி, எழுது" என்றேன்.

ஞாயிறு என்றும் பாராமல் அவர்களின் மேலாளர் வீடியோவில் வந்தார். கோபப்படவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனார். ஏன் கவனிக்கவில்லை? சோதனைத் தரவில் குண்டு எழுத்து இல்லை. ஏன் இல்லை? அதை நாங்களே எங்கள் கீபோர்டில் அடித்தோம். ஏன் நீங்கள் அடித்தீர்கள்? உங்கள் கிடங்கின் உண்மையான பட்டியலை நாங்கள் கேட்கவே இல்லை. திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கடைசியில் அவரே, "பட்டியலைத் தராதது எங்கள் தவறும்தான்" என்று சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்.

வேலை முடிந்து முதல் பணம் வந்தபோது இன்னொரு அதிர்ச்சி. தொகையில் 10 சதவீதத்தைக் காணோம். பதறிப்போய் ஆடிட்டருக்குப் போன் போட்டேன். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்தில் அங்கேயே 10 சதவீதம் வரை பிடிக்கலாமாம். பிடித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கி, இங்கே கட்டும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். லாபமே இல்லாத வருடத்தில் எந்த வரியில் கழிப்பது! நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால், விலை சொல்லும்போதே இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அதே நிறுவனத்துக்கு மூன்றாவது வேலை செய்துகொண்டிருக்கிறோம். பொள்ளாச்சிப் பெண் டிசம்பரில் என்2 எழுதுகிறாள், கட்டணத்தைக் கம்பெனியே கட்டிவிட்டது. போன மாதம் வளையல்களை மீட்டு வந்து சத்தமில்லாமல் போட்டுக்கொண்டேன். காபி டம்ளரை வாங்கும்போது அப்பா என் கையைப் பார்த்தார்.

"ஆரம் எப்பம்மா வரும்?" என்றார்.