ஒன்ஸ்மோர் கேட்ட ஊர்

எவர்சில்வர் டம்ளரில் காபி குடிக்கும் எந்த வீட்டுக்கும் ஷெஃபீல்டோடு ஒரு தூரத்து உறவு உண்டு. 1913-ல் ஹாரி பிரேர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது வட இங்கிலாந்தின் இந்த ஊரில்தான். அதற்கும் பல நூறு வருஷம் முன்பிருந்தே கத்தியும் கத்தரிக்கோலும் செய்து பிழைத்த ஊர். லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். இறங்கி வாசலுக்கு வந்தால் வரவேற்பதும் எஃகுதான். வளைந்து ஓடும் பளபள சுவர், அதன்மேல் வழிந்துகொண்டே இருக்கும் தண்ணீர்.

ஆனால், சமீப வருஷங்களில் வெளியூரிலிருந்து இங்கே வந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு பகுதி எஃகுக்காக வரவில்லை. பாட்டுக்காக வந்தது. குழுவின் பெயர் பல்ப்.

விளக்கு பல்ப் அல்ல, அது வேறு எழுத்து. 1978-ல் ஷெஃபீல்ட் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்த ஜார்விஸ் காக்கர் என்ற பையன், பொருளாதார வகுப்பில் பத்திரிகையின் சந்தை விலைப் பட்டியலில் ஒரு காபி சமாசாரத்தின் பெயரைப் பார்த்து, 'அராபிகஸ் பல்ப்' என்று தன் குழுவுக்கு வைத்தான். பிறகு முன்பாதி உதிர்ந்து போனது. காபி பிரியர்களுக்கு இதிலும் ஒரு உறவு!

பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், சின்னச் சின்ன வெளியீட்டாளர்களை நம்பி வளர்ந்த குழுக்களை 'இண்டி' என்பார்கள். பல்ப் அப்படி வளர்ந்தது. வளர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட நாளிலேயே, 1981-ல், பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பாடும் வாய்ப்பு கிடைத்தது. அதோடு அதிர்ஷ்டம் தூங்கிவிட்டது. 1983-ல் வந்த முதல் ஆல்பம் கவனிக்கப்படவே இல்லை. 1985-ல் ஒரு பெண்ணிடம் வீரம் காட்டுவதற்காக ஸ்பைடர்மேன் போல ஜன்னலுக்கு வெளியே தொங்கிய ஜார்விஸ், கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். சில காலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடையில் பாடினார். நம்மூர்ப் பசங்க பாஷையில் சொன்னால், பதினைந்து வருஷத்துக்கும் மேல் பல்ப் வாங்கியது பல்ப்.

ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லெட்மில் இருக்கிறது. பழைய மாவு மில்லை 1980-ல் கலைக்கூடமாக மாற்றினார்கள். அந்த வருஷமே பல்ப் அங்கே வாசித்தது. ஷெஃபீல்டில் கிட்டார் பிடித்த எல்லோருக்கும் அது ஒரு படிக்கட்டு. கட்டட உரிமையாளருக்கும் நடத்தியவர்களுக்கும் இடையே வருஷக்கணக்கில் நடந்த வழக்கு முடிந்து, 2025 ஜூன் கடைசியில் பழைய நிர்வாகத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. பல்ப் 24 வருஷத்துக்குப் பிறகு புது ஆல்பம் வெளியிட்டதும் அதே ஜூனில்தான்.

பல்ப் பாட்டுகளில் வரும் இடங்களையும், பல்ப் வளர்ந்த இடங்களையும் தேடி நடப்பவர்களுக்கு இந்த ஊர் இப்படித்தான் கை விரிக்கும். ஃபார்கேட் கடைத்தெருவின் மேல்முனையில் ஒரு நீரூற்று இருந்தது. 1995-ல் வந்த 'டிஸ்கோ 2000' பாட்டில் சின்ன வயசுத் தோழியை 2000-ம் வருஷம் சந்திக்கலாம் என்று குறித்த இடம் அதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 2000 பிறப்பதற்கு முன்பே அந்த நீரூற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது அதன் பெயரைத் தாங்கிய நீரூற்றுகள் பக்கத்தில் பீஸ் கார்டன்ஸில் இருக்கின்றன. வெயில் நாளில் குழந்தைகள் உடையோடு அதில் நனைகிறார்கள், பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். பழைய கதை அறியாதவர்களுக்கு இதுவே போதும்.

இன்னும் கீழே இறங்கினால் காசில் ஸ்கொயர். இங்கே சாலைக்கு அடியில் ஒரு வட்டமான பள்ளம் இருந்தது. 'ஹோல் இன் த ரோட்' என்றே பெயர். கடைகள், நடைபாதை, சுவருக்குள் ஒரு மீன் தொட்டி. ஷெஃபீல்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்த மீன் தொட்டியைச் சொல்லாமல் விட மாட்டார்கள். 1994-ல் டிராம் விடுவதற்காகப் பள்ளத்தை மூடினார்கள். இப்போது அதன் தலைக்கு மேல் டிராம் ஓடுகிறது.

அதையும் தாண்டினால் காசில் மார்க்கெட் இருந்த வெற்றிடம். ஸ்காட்லாந்து ராணி மேரி பல வருஷம் சிறைப்பட்டிருந்த கோட்டை நின்ற மண் அது. அதன்மேல் சந்தை கட்டினார்கள். அந்தச் சந்தையின் மீன் கடையில்தான் சிறுவயதில் ஜார்விஸ் வேலை பார்த்தார். பகலில் நண்டு கழுவுவது, சாயங்காலம் கிட்டார். மீன் வாடையைக் கையிலிருந்து போக்குவது பெரும் பாடாக இருந்ததாம். சந்தையையும் இடித்துவிட்டார்கள். நகரத்துக்கு அடியில் கான்கிரீட் மூடிக்குள் ஓடிக்கொண்டிருந்த ஷீஃப் ஆற்றை இந்த இடத்தில் மறுபடி திறந்துவிடும் வேலையைத் தொடங்கினார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறே இதுதான். பூமிக்கு அடியில் ஓடும் ஷெஃபீல்ட் நீரோட்டத்தைப் பின்தொடர்ந்து போகும் ஒரு நீளமான பாட்டு, 2001-ல் வந்த பல்ப் ஆல்பத்தில் இருக்கிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு இந்த இடத்தில் நிற்பது, கைகாட்டிப் பலகை எதுவும் தராத அனுபவம்.

அந்த 2001 ஆல்பம்தான் வெகுகாலத்துக்குக் கடைசி ஆல்பமாக இருந்தது. அதற்கு முன் புகழ் வந்திருந்தது. 1995 கோடையில் 'காமன் பீப்பிள்' பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே ஜூனில் கிளாஸ்டன்பரி விழாவில் ஸ்டோன் ரோசஸ் குழுவின் கிட்டார்காரர் எலும்பு முறிந்து விலக, கடைசி நேரத்தில் பல்பைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு ராத்திரியில் நாடே அவர்களைத் தெரிந்துகொண்டது. 1996-ல் மெர்குரி பரிசு. பிறகு சோர்வு. 2002 டிசம்பரில் பக்கத்து ஊரான ராதராமில், பழைய எஃகு ஆலைக்குள் நடந்த நிகழ்ச்சியோடு கலைந்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்த கதை அல்ல. நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

2011-ல் ஒரு முறை சேர்ந்தார்கள். பழைய பாட்டுகளைப் பாடினார்கள், 2012 டிசம்பரில் சொந்த ஊரில் ஒரு பெரிய கச்சேரியும் செய்தார்கள். அதற்கு வந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரே ஒரு பாட்டை அனுப்பினார்கள். ஆல்பம் இல்லை. மறுபடி பத்து வருஷ மௌனம்.

2023-ல் இரண்டாவது முறை சேர்ந்தபோது அந்தப் பயணத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், ஒன்ஸ்மோர் கேட்டால் நாங்கள் செய்வது இது என்ற அர்த்தத்தில் இருந்தது. ஆனால், பயணம் தொடங்கும் முன்பே, மார்ச் 2-ம் தேதி, பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டீவ் மேக்கி காலமானார். ஷெஃபீல்டில் பிறந்தவர். வயது 56. அந்தக் கச்சேரிகளில் தான் கலந்துகொள்ளப் போவதில்லை என்று முந்தைய வருஷமே அறிவித்திருந்தார்.

ஜூலை 14, 15 தேதிகளில் ஷெஃபீல்ட் அரங்கில் இரண்டு இரவுகள். டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு காலத்தில் ஆலைப் புகை மண்டிய பகுதியில் இருக்கிறது அந்த அரங்கம். அங்கே யாரும் எதிர்பாராத ஒரு புதுப் பாட்டைப் பாடினார்கள். வடக்கே பிறந்த பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைப் பற்றியது. 2019-ல் ஒரு மேடை நாடகத்துக்காக ஜார்விஸ் எழுதியது.

சேர்ந்த குழுக்களின் கச்சேரியில் 'அடுத்து ஒரு புதுப் பாட்டு' என்ற அறிவிப்பு வந்தால் என்ன நடக்கும் என்பது ஊர் அறிந்த ரகசியம். பாதிக் கூட்டம் எழுந்து டாய்லெட்டுக்குப் போகும், மீதி போனைப் பார்க்கும். பழசைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். குழுக்களும் அதைத் தெரிந்துகொண்டு, பழைய பாட்டுகளை மட்டும் வைத்தே வருஷத்தை ஓட்டிவிடுவது உண்டு. அதில் தப்பும் இல்லை. பல்பும் அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

இருக்கவில்லை. மேக்கியின் மறைவும், அடுத்த வருஷம் தன் தாயின் மறைவும் ஜார்விஸை யோசிக்க வைத்தன. உயிரோடு இருக்கும்போதே எதையாவது உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அவற்றிலிருந்து வந்ததாக அவரே பேட்டிகளில் சொன்னார். 2024 நவம்பரில் லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போனார்கள். தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்ட். ஒரு ஆல்பத்துக்கு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள், இந்த முறை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார்கள். ஜார்விஸோடு கீபோர்டில் கேண்டிடா டாயில், டிரம்ஸில் நிக் பேங்க்ஸ், கிட்டாரில் மார்க் வெபர். இந்த நிக், 1966-ல் இங்கிலாந்து கால்பந்து உலகக்கோப்பையை வென்றபோது கோல்கீப்பராக இருந்த கார்டன் பேங்க்ஸின் உறவினர்.

ஆல்பத்தின் பெயர் 'மோர்'. நம்ம மோர் இல்லை, 'இன்னும்' என்று பொருள். 2025 ஜூன் 6 அன்று வெளியாகி, பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஸ்டீவ் மேக்கிக்கு அர்ப்பணித்திருக்கிறார்கள். பதினொரு பாட்டுகள். இளமையைத் திரும்ப நடித்துக் காட்டும் முயற்சி எதிலும் இல்லை என்பதுதான் இதன் பலம். வயதாவது, பிரிவது, வீட்டில் எந்நேரமும் ஓடும் ஃப்ரிட்ஜ் சத்தம் போல அன்பு பழகிப்போவது என்று அறுபதைத் தொட்டவர் பாட வேண்டியதைப் பாடுகிறார். அரங்கில் கேட்ட அந்த வடக்கத்திப் பாட்டும் இருக்கிறது. கடைசிப் பாட்டு, ரிச்சர்ட் ஹாலியோடு சேர்ந்து எழுதியது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் குன்றின் மேல் நிற்கும் பார்க் ஹில் அடுக்குமாடிக் குடியிருப்பை வைத்து வந்த இசை நாடகம் ஹாலியின் பாட்டுகளால் ஆனது. பார்க் ஹில் மட்டும் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது!

ஜூன் 28 அன்று கிளாஸ்டன்பரியில் 'பேட்ச்வொர்க்' என்ற பெயர் தெரியாத குழு பாடப் போவதாக அறிவிப்பு. மேடையில் வந்து நின்றது பல்ப். எதிர்பாராமல் அழைக்கப்பட்ட அந்த 1995 ராத்திரிக்கு முப்பது வருஷம் முடிந்திருந்தது. 'காமன் பீப்பிள்' பாடும்போது விமானப் படையின் சாகச விமானங்கள் தலைக்கு மேல் பறந்தன.

அடுத்த மாதம், ஜூலை 25, சொந்த ஊர் திரும்பினார்கள். ஹில்ஸ்பரோ பூங்காவில் டிராம்லைன்ஸ் விழா. ஊர் நடுவிலிருந்து டிராம் ஏறினால் பூங்கா பக்கத்திலேயே இறங்கலாம். வழியில் பை கடைகளில் ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் பாட்டில் தென்படும். கறுப்பாக, புளிப்பும் மசாலாவுமாக இருக்கும் இந்த ஊர்ச் சாஸ் அது. இறைச்சி பையின் மேல் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார்கள். நம்ம நாக்குக்கும் சட்டென்று பிடித்துவிடும் ருசி.

பல்ப் கச்சேரிக்குப் போகிறவர்கள் முன்வரிசையில் இடம் பிடிக்க முண்டியடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டுக்கு நடுவே ஜார்விஸ் பையில் கைவிட்டு மிட்டாய்களை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசுவார். சில நாள் திராட்சை. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போல கோட்டும் தடித்த கண்ணாடியும் போட்ட ஒருவர் மிட்டாய் எறிய, நரைத்த தலைகள் எம்பி எம்பிப் பிடிக்கின்றன. பிடித்ததைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு மறுபடி மேடையைப் பார்க்கிறார்கள்.