மூன்றாவது அம்புக்குறி

2012 கோடையில், அமெரிக்காவின் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பலகையின் நடுவில் ஒரு கட்டம், அதற்குள் ‘ஹப்’ என்று எழுதியிருந்தேன். விண்ணப்பிப்பவர் சொல்லும் சோஷியல் செக்யூரிட்டி எண், குடியுரிமை, வருமானம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போகும். வெளியே இரண்டு அம்புக்குறிகள் வரும். ‘பொருந்துகிறது’ என்ற அம்பு மானியக் கணக்குக்குப் போனது. ‘பொருந்தவில்லை’ என்ற அம்பு நிராகரிப்புக் கடிதத்துக்குப் போனது.

ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டில் 30 ஆண்டுகளாக விண்ணப்பங்களைப் பார்த்துவந்த ஓர் அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியப்போகும் நேரத்தில், “பொருந்தவில்லை என்று வந்ததும் கையில் காகிதத்தோடு என் மேசைக்கு ஓடிவருவார்களே, அவர்கள் எந்த அம்பில் போவார்கள்?” என்று கேட்டார்.

பலகையில் அவர்களுக்கு இடமே இல்லை. மாநில மருத்துவக் காப்பீட்டுச் சந்தைகளுக்கு அமைப்பு திட்டமிடும் வேலையில் நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

மக்கள் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும் இந்தச் சந்தைகளை உருவாக்கிய சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட தேதி 2010 மார்ச் 23. சந்தைகள் 2013 அக்டோபர் 1 அன்று திறக்க வேண்டும், காப்பீடு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வர வேண்டும். விரும்பும் மாநிலம் தன் சந்தையைத் தானே நடத்தலாம், மற்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் தளம். மாநிலமே நடத்தினாலும் சரிபார்ப்புக்கு மத்திய அரசு அமைத்த ஹப்பைத்தான் கேட்க வேண்டும். அது தரவுக் கிடங்கு அல்ல, நடுவில் நிற்கும் தூதர். வருமானத்தை வரித் துறையிடமும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அதற்குரிய நிர்வாகத்திடமும், குடியேற்ற நிலையை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடமும் கேட்டுவந்து பதிலைக் கொடுக்கும்.

அந்தப் பதில்கள் பழையவை. வரித் துறை கையில் இருப்பது ஓராண்டு, இரண்டாண்டு முந்தைய கணக்கு. நடுவில் வேலை போயிருக்கலாம், மணமுறிவு ஆகியிருக்கலாம். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சந்தையில் விண்ணப்பித்தவரின் சொல்லும் தரவும் மாறுபட்டால், ஆவணம் காட்ட அவருக்கு 90 நாள் அவகாசம் உண்டு, அதுவரை அவர் சொன்னதையே ஏற்றுக் காப்பீட்டையும் மானியத்தையும் கொடுக்க வேண்டும். விதியில் இருந்த அந்த மூன்றாவது அம்பு என் படத்தில் இல்லை.

அந்த அம்பைப் பலகையில் வரைவது எளிது, அதற்கு வேலை கொடுப்பதுதான் கடினம். 90 நாளை யார் எண்ணுவது? 60ஆம் நாள் நினைவூட்டுவது கடிதமா, தொலைபேசியா? ஒருவர் வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது எந்த ஊழியரின் வரிசையில் விழும்? அவர் விடுப்பில் இருந்தால்? ஆவணம் 88ஆம் நாள் வந்து யாரும் பார்க்காமல் 91ஆம் நாள் பிறந்துவிட்டால், கணினி காப்பீட்டை வெட்டுமா, காத்திருக்குமா? எங்கள் முதல் திட்டத்தில் சரிபார்ப்புக்கு 4 பக்கம் ஒதுக்கியிருந்தோம். அந்த அம்மையாரின் கேள்விக்குப் பிறகு இதற்கு மட்டும் 60 பக்கத்துக்கு மேல் ஆனது. அதில் ஒரு பக்கத்தையும் நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

பொருந்தாமல் போவது எவ்வளவு சாதாரணம் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அந்த மூன்று எழுத்து ஓட்டுநர் உரிமம் வரைக்கும் பெயராகவே ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு துறையில் முருகேசன் முதற்பெயர், இன்னொன்றில் அதுவே கடைசிப் பெயர், மூன்றாவதில் அப்பா பெயரோடு சேர்ந்து நிற்கும். மூன்றும் அசல் அரசு ஆவணங்கள், மூன்றிலும் இருப்பவர் ஒரே ஆள். இரண்டு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் மெக்சிகோக்காரருக்கும், மணமான பிறகு பெயர் மாற்றிய பெண்ணுக்கும் இதே கதைதான். கணினிக்குத் தெரிவதெல்லாம் எழுத்துகள் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும். ஆள் பொய் சொல்கிறாரா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்?

பெயரை விடச் சிக்கலானது காலம். ஓர் உதாரணக் கணக்கை ஒவ்வொரு புதிய குழுவுக்கும் நான் பலகையில் போட்டுக் காட்டுவதுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆண்டு வருமானம் 42,000 டாலர். மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலத்தில், குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை இருந்தால் பெரியவர்களுக்கு மெடிக்கெய்டு, அதற்கு மேல் சந்தையில் மானியம். 2023 நவம்பரில் அவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். நால்வர் குடும்பத்துக்கு 2023இன் வறுமைக் கோடு 30,000 டாலர், 138 விழுக்காடு என்றால் 41,400. பெற்றோர் அதைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே சந்தைக்குப் போகிறார்கள். அடுத்த ஆண்டு ஏழாம் மாதம் வீட்டு முகவரி மாறியதைச் சொல்ல உள்ளே வருகிறார்கள். இதற்குள் 2024இன் கோடு 31,200 ஆகியிருக்கிறது, வரம்பு 43,056. சம்பளத்தில் ஒரு டாலர்கூட மாறவில்லை, ஆனால் இப்போது பெற்றோருக்கு மெடிக்கெய்டு. சந்தையின் மானியத்துக்கு ஆண்டு முழுவதும் முந்தைய ஆண்டின் கோடு, மெடிக்கெய்டுக்கு நடப்பு ஆண்டின் கோடு. அதோடு சந்தை கேட்பது ஆண்டு வருமானம், மெடிக்கெய்டு பார்ப்பது இந்த மாத வருமானம். முகவரி மாற்ற வந்தவருக்கு மருத்துவரே மாறிப்போகலாம்.

ஆகவே நான் எழுதும் எந்தத் திட்டத்திலும் முதல் விதி, எதையும் அழித்து எழுதக்கூடாது. வருமானம் மாறினால் பழைய வரியின் மேல் புதிய எண்ணைப் போடாமல், இந்தத் தேதி முதல் இது, இந்த நாளில் இவர் சொன்னார், இந்த ஆண்டுக் கோட்டை வைத்துக் கணக்கிட்டோம் என்று புதிய வரி எழுத வேண்டும். குழந்தை பிறந்ததை 40ஆம் நாள் வந்து சொல்லும் தாய்க்கு, காப்பீடு பிறந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். அமைப்பு 40 நாள் பின்னே நடந்துபோய், அன்று குடும்பம் எப்படி இருந்தது என்று பார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு ‘834’ என்ற சேர்க்கைக் கோப்பை அனுப்ப வேண்டும். பழையதை அழித்த அமைப்பு எந்த நாளுக்குத் திரும்பிப் போகும்? அந்தக் குழந்தை முதல் வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால், அந்தக் கட்டணம் தாயின் பெயருக்கு வீட்டுக்கு வரும்.

சந்தைகள் திறந்த 2013 அக்டோபர் 1 அன்று நடந்ததைப் பலரும் சர்வர் தாங்கவில்லை என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மத்திய தளத்தில் முதல் நாள் சேர முடிந்தவர்கள் 6 பேர். பிளான்களையும் விலையையும் எட்டிப்பார்க்கக்கூட முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கடைக்குள் வருவதற்கு முன்பே எல்லோரையும் ஒரே வாசலில் அடையாள அட்டை கேட்டு நிறுத்தியது போல. வாங்கப் போகிறவர், வேடிக்கை பார்ப்பவர், நாளை வரலாம் என்று இருந்தவர் என எல்லாரும் அந்த வாசலில் நெரிந்தார்கள். மாநிலங்களிலும் காயங்கள் உண்டு. ஆரெகன் தன் தளத்தைக் கைவிட்டு மத்திய தளத்துக்குப் போனது. மேரிலாண்ட் தன்னுடையதை விட்டுவிட்டு, கனெக்டிகட்டில் ஓடிக்கொண்டிருந்த அமைப்பை வாங்கி வைத்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஓடும் ஒன்றை இரவல் வாங்கத் தெம்பு வேண்டும்.

விதிகள் மாறிக்கொண்டே வரும் என்பதையும் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். வறுமைக் கோட்டின் 400 விழுக்காட்டுக்கு மேல் மானியம் இல்லை என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான சட்டம் அந்த உச்சவரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. ஏப்ரல் 1 அன்று மத்திய தளம் புதிய மானியத்தைக் கொடுக்கத் தொடங்கியது. 400ஐ அட்டவணையில் வைத்திருந்த எங்களுக்கே வேலை இருந்தது, ஏனென்றால் மாறியது எண் மட்டும் அல்ல, உச்சவரம்பு என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதை நிரலுக்குள் இருபது இடத்தில் எழுதிவைத்திருந்த ஒரு குழுவினர் அந்த மாதம் தூங்கவில்லை.

இப்போது நான் அதிக நேரம் செலவிடுவது கடிதங்களில்தான். ‘உங்கள் வருமானத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்று தொடங்கும் ஒரு நோட்டீஸ் பல ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சட்டப் பிரிவு எண், அதற்குப் பிறகு ஏற்கப்படும் 11 ஆவணங்களின் பட்டியல், இரண்டாம் பக்கத்தின் அடியில் கெடு தேதி. ஒரு நாள் கால் சென்டரில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றே: “என் காப்பீடு போய்விட்டதா?” ஒருவர் இன்சுலின் வாங்காமல் இரண்டு நாள் இருந்திருக்கிறார். காப்பீடு அப்போது உயிரோடுதான் இருந்தது.

அலுவலகம் திரும்பியதும் முதல் வரியை மாற்றி எழுதினோம். சட்டத் துறையின் ஒப்புதலை வாங்க நான்கு மாதம் ஆனது. இப்போது அந்தக் கடிதம் இப்படித் தொடங்குகிறது: ‘உங்கள் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம். மார்ச் 14க்குள் எங்களுக்கு ஒரு காகிதம் மட்டும் வேண்டும்.’ தேதி தடித்த எழுத்தில், முதல் பக்கத்தில்.