டயரில் எழுதிய எழுத்து

தலையில் எழுதிய எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது என்று பெரியோர்கள் சொல்வதுண்டு. டயரில் எழுதிய எழுத்து அப்படிப்பட்டதல்ல. கொட்டை எழுத்தில், விரலால் தடவினாலே தெரியும்படி, விலாப்புறத்தில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆயினும் அதை வாசிப்பவர்கள் மிகச் சிலரே. நாமோ இருபது வருஷமாகக் கணிதம் போதித்து வருகிறோம். எண்களை எங்கே கண்டாலும் நின்று வாசிக்கும் வியாதி நமக்கு உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அந்த வியாதி நமது பள்ளிக்கூடத்து வேனுக்கு உபயோகப்பட்டது.

வேனின் நான்கு டயர்களும் வழுக்கையாகி விட்டன. கமிட்டியின் பொருளாளர் சிக்கனத்தில் தமக்கு நிகர் தாமே ஆனவர். பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கடையில் மலிவாக நான்கு புது டயர்களுக்கு விலை பேசி வைத்துவிட்டு, சாட்சிக்காக நம்மையும் டிரைவரையும் அழைத்துப் போனார்.

"பாருங்கள் ஸார்! பழைய டயரில் 195, 15. இதிலும் 195, 15. 195-க்கு 195, 15-க்கு 15. அப்புறம் என்ன?" என்றார்.

"சக்கரத்தில் கச்சிதமாக உட்காரும்" என்று கடைக்காரரும் உறுதி கூறினார்.

உட்காரும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் உட்காருவது ஒன்று, சுமப்பது வேறொன்று அல்லவா? பழைய டயரில் இருந்தது, "195 ஆர் 15 சி, 106/104". புதியதில் இருந்ததோ, "195/65 ஆர் 15, 91". நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் பிரெஞ்சுக்காரன் அளவும் இங்கிலீஷ்காரன் அளவும் எப்படித்தான் சமாதானமாகக் குடித்தனம் செய்கின்றனவோ! 'ஆர்' என்பது ரேடியல். உள்ளேயிருக்கும் நூல் இழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுகின்றன என்று அர்த்தம்; 1946-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனியார் காப்புரிமை கோரிய முறை இது. நடுவில் வரும் 65 என்பது, டயரின் விலா உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பதைக் குறிக்கிறது. அந்த எண் பழைய டயரில் இல்லவே இல்லை. இல்லாதபோது சுமார் 80 பங்கு என்று கொள்ளவேண்டும். ஆகவே பழைய டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். புதியதின் விட்டம் 63½-க்குச் சற்றுக் குறைவு. வண்டி கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் தரையை நோக்கிக் குனிந்துவிடும். சின்னச் சக்கரம் அதிகச் சுற்று சுற்றுவதால், 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 109 என்று காட்டும். லிட்டருக்கு அதிக தூரம் ஓடியதாகக் கணக்கு வரும் என்று தெரிந்ததும் பொருளாளருடைய முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. அதை நாம் உடனே கலைத்துவிட்டோம்.

கடைசியில் நிற்கும் எண் இருக்கிறதே, அதுதான் விஷயம். அது கிலோ அல்ல. சுமை அட்டவணையில் ஒரு வரிசை எண். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. ஒரு பக்கத்தில் இரட்டை டயராகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 104, அதாவது 900 கிலோ. 'சி' என்ற எழுத்து, வேன், சாமான் வண்டி முதலியவற்றுக்காகக் கட்டுமானம் செய்தது என்பதற்கு அடையாளம். கடைக்காரர் காட்டியது சாதாரணக் கார் டயர். காருக்கு அது உத்தமமான டயர்தான்.

வேனின் பதிவுச் சான்றில் பின் அச்சுக்கு 1750 கிலோ வரை அனுமதி. இரண்டால் வகுத்தால் டயருக்கு 875. எங்கே 875, எங்கே 615!

"குழந்தைகள்தானே ஸார், என்ன பெரிய கனம்?" என்று பொருளாளர் விடவில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆகையால் அதையும் போட்டுப் பார்த்தோம். 15 குழந்தைகள், இந்தக் காலத்துப் புத்தகப் பையோடு ஆளுக்கு 35 கிலோ என்றால் 525. அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் இறங்கினால் 350. காலி வண்டியிலேயே பின் அச்சில் 900. ஆக 1250. இரண்டு கார் டயர்களின் சக்தி 1230. ஆயாளையும் சாப்பாட்டுக் கூடையையும் இன்னும் ஏற்றவே இல்லை. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியையும் சேர்க்கவில்லை.

டயர் அன்றைக்கே வெடித்துவிடாது. அதனால்தான் இது பொல்லாதது. தாங்கமுடியாத கனத்தைத் தூக்கும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி அமுங்கி நிமிர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழு தடவை இப்படி நடக்கிறது. அமுங்க அமுங்கச் சூடு. சூட்டினால் ரப்பரும் இழையும் மெல்ல மெல்லப் பிரிந்து, பிறகு சித்திரை மாதத்து வெயிலில் ஒரு நாள் நடு ரோட்டில் விட்டுப் போகும். அப்போது வண்டிக்குள் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பொருளாளருடைய பேத்தி மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்காருகிறவள். அதை நாம் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இதற்கிடையில் டிரைவருக்கு வேறோர் ஆசை. "இன்னும் கொஞ்சம் பெரிய டயராகப் போட்டால் கம்பீரமாக இருக்கும் ஸார்" என்றார். பெரியதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். 50 என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் ஓட்டுவீர். முழுவதும் திருப்பும்போது மட்கார்டில் உராயும் என்று சொல்லி, கம்பீரத்தை மீசையோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினோம். வண்டி செய்தவர்கள் டயரின் அளவையும் அடைக்கவேண்டிய காற்றையும் அதிலே அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். அத்தனை காலமாக அதன்மேல் ஒரு சாமி படம் ஒட்டியிருந்தது.

வேறு கடையில் "195 ஆர் 15 சி" நான்கு கிடைத்தன. விலை அதிகந்தான். பொருளாளர் பெருமூச்சுடன் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அத்துடன் முடிந்திருக்கும். நமது வியாதி சும்மா இருக்கவிடவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்டெப்னியையும் வாசித்தோம். அளவு சரி, மண்ணே படாத புது மெருகு. ஆனால் விலாவில் ஒரு சிறு கட்டத்துக்குள் 1113 என்று இருந்தது. முதல் இரண்டு எண் வாரம், பின் இரண்டு வருஷம்: 2013-ஆம் வருஷத்துப் பதினோராவது வாரத்தில் பிறந்தது. அருகில் பார்த்தால் விலா முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள்.

"ஓடாத டயருக்குக் கூடவா ஸார் வயதாகும்?" என்றார் பொருளாளர்.

"ரப்பருக்கு ஓடினாலும் ஆகும், தூங்கினாலும் ஆகும்" என்றோம்.

அவர் மறுபடியும் பையைத் திறந்தார்.